நிமிஷத்தின் விலை: விளையாட்டுக் காணொளிகளில் தரமும் தொகையும்

(காட்சித் தொடர்பியல் மாணவர் மன்றத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வீடியோ கேம் எனப்படும் திரை விளையாட்டுகளைப் பற்றிக் காணொளி தயாரிக்கும் ஒருவன் தரத்தைப் பேணுவதா, எண்ணிக்கையைப் பெருக்குவதா என்னும் விஷயம் பற்றிப் பேச வேண்டுமென்று இம்மன்றத்தின் செயலாளர் என்னைக் கேட்டுக்கொண்டார். இப்படியொரு தலைப்பைக் கேட்டவுடனே எவருக்கும் நாவின் நுனியில் வந்து நிற்பது, தரமே பெரிது, எண்ணிக்கை வீண் என்னும் விடைதான். அதை நாலு விதமாக அலங்கரித்துச் சொல்லிவிட்டு நான் உட்கார்ந்தால் நீங்கள் கரகோஷம் செய்வீர்கள். செய்துவிட்டு அறைக்குத் திரும்பி, இன்றைக்குப் போட வேண்டிய வீடியோவை வழக்கம்போல் அவசர அவசரமாக வெட்டி ஒட்டி அப்லோடு செய்வீர்கள். ஒரு தொழிலில் இருக்கும் ஆயிரக்கணக்கானவர்கள், நல்லது இன்னதென்று அறிந்திருந்தும் அதற்கு மாறாகவே நடந்துவருவார்களாயின், அவர்கள் அனைவரும் ஒருங்கே சோம்பேறிகளாகவோ பேராசைக்காரர்களாகவோ ஆகிவிட்டார்கள் என்று முடிவு கட்டுவதற்கு முன், அந்தத் தொழிலில் கூலி எப்படி அளக்கப்படுகிறது என்று விசாரிப்பதே நியாயம் என்பது என் அபிப்பிராயம்.

விளையாட்டுக் காணொளிகளில் பல ஜாதிகள் உண்டு. நம் விசாரணைக்கு இரண்டு போதும். ஒன்று, விளையாடிக்கொண்டே பேசுவது. ஆட்டத்தைத் திரையில் ஓடவிட்டு, ஓபிஎஸ் போன்ற மென்பொருளில் பதிவு செய்துகொண்டு, மனத்தில் தோன்றியதைத் தோன்றியபடி சொல்லிக்கொண்டு போனால், இரண்டு மணி நேரப் பதிவிலிருந்து நாலு பகுதிகள் கிடைத்துவிடும். இருமலையும், வீட்டார் கதவைத் தட்டிய ஓசையையும் வெட்டி எறிந்துவிட்டு, தம்ப்நெயில் ஒன்று செய்து சேர்த்தால் வேலை முடிந்தது. மற்றொன்று, ஓர் ஆட்டம் ஏன் இவ்வாறு அமைந்தது, அதன் உள்ளே என்ன சூத்திரம் வேலை செய்கிறது என்று ஆராய்ந்து எழுதி, எழுதியதற்கேற்பக் காட்சிகளைத் தேடிப் பதிந்து, படம் வரைந்து, குரல் கொடுத்துக் கோப்பது. இதில் இருபது நிமிஷத்துக்கு ஒரு மாதம் போவது சாதாரணம். அவ்வளவு பிரயாசையும் பார்ப்பவன் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடுவதுதான் அந்த வேலையின் வெற்றி.

இவ்விரண்டுக்கும் யூடியூப் எவ்விதம் கூலி அளந்தது என்று பாருங்கள். காணொளி ஒன்றின் பக்கத்தில் ஓடும் விளம்பரத்தின் வருமானத்தில் நூற்றுக்கு 55 பங்கு அதைத் தயாரித்தவனுக்கு என்பது பொதுக் கணக்கு. ஆனால் எந்தக் காணொளி ஜனங்களின் முன்னால் வைக்கப்படும் என்பதை நிர்ணயிக்கும் அளவுகோல் 2012-இல் மாறிற்று. அதுவரை எத்தனை பேர் தட்டித் திறந்தார்கள் என்று பார்த்தவர்கள், அதன்பின் எத்தனை நிமிஷம் பார்த்தார்கள் என்று பார்க்கத் தொடங்கினார்கள். பொய்த் தலைப்பு வைத்து ஆளை இழுக்கும் வித்தையை ஒழிக்க வேண்டும் என்பது அதன் நோக்கம், நல்ல நோக்கந்தான். ஆயினும், இரண்டு நிமிஷ ஓவியப்படம் ஒன்றை இரண்டு மாதம் உட்கார்ந்து வரைந்தவன் அந்த ஒரு மாற்றத்தில் ஏழையானான். அரைமணி நேரம் விளையாடிக்கொண்டு பேசியவன் செல்வனானான். பத்து நிமிஷத்துக்கு மேற்பட்ட காணொளியின் நடுவே விளம்பரம் செருகலாம் என்ற விதி இருந்ததால், ஏழு நிமிஷத்தில் முடியும் விஷயமெல்லாம் பத்து நிமிஷமும் சில விநாடியுமாக நீண்டது. 2020 ஜூலையில் அந்த எல்லையை எட்டு நிமிஷமாகக் குறைத்தபோது, அதே விஷயங்கள் எட்டு நிமிஷமும் சில விநாடியுமாகச் சுருங்கின. கலையின் நீளத்தைக் கணக்குப்பிள்ளை தீர்மானிப்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

புதிதாக வருகிறவனுக்கோ வாசலிலேயே ஒரு சுங்கச்சாவடி. 2018 ஜனவரியில் அறிவித்தபடி, விளம்பரப் பங்கு பெற 1,000 சந்தாதாரர்களும், பன்னிரண்டு மாதத்துக்குள் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். (குறுங்காணொளிகளுக்குப் பின்னர் வேறொரு கணக்கு வந்தது.) 4,000 மணி என்பது 2,40,000 நிமிஷம். உங்கள் காணொளி பத்து நிமிஷம் நீளமுடையது, அதை ஒவ்வொருவரும் கடைசி வரை பார்க்கிறார்கள் என்று மிகத் தாராளமாக வைத்துக்கொண்டாலும் 24,000 பார்வைகள் வேண்டும். ஒரே காணொளியை நம்பி இந்தச் சூதாட்டத்தில் இறங்குவதைவிட, நூறு காணொளிகளைப் போட்டுச் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பது புத்திசாலித்தனம் என்று பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் முடிவு செய்தால், அவனைக் கண்டிக்க நான் முன்வரமாட்டேன்.

இனி, இந்த இரண்டு வகை உழைப்பும் ஒரே மனிதனிடத்தில் குடியிருந்த ஒரு சரித்திரத்தைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அமெரிக்காவில் ஏரின் ஹான்சன் என்பவர், எகோராப்டர் என்னும் புனைபெயரில், விளையாட்டுகளைக் கேலி செய்யும் ஓவியப்படங்களை வரைந்து பேர் பெற்றவர். அவர் 2011-இல் சீக்வலைட்டிஸ் என்னும் தொடரைத் தொடங்கினார். ஒரு விளையாட்டுக்கும் அதன் பின் வந்த விளையாட்டுக்கும் உள்ள வேற்றுமையை, ஓவியமும் விகடமும் வசவும் கலந்து ஆராய்வது அத்தொடர். வசவு சற்று அதிகந்தான். வீட்டுப் பெரியவர்கள் அருகிலிருக்கும்போது போட்டுவிடாதீர்கள். ஆனால் அதில் மெகா மேன் எக்ஸ் பற்றிய பகுதி, என் மதிப்பில், இந்தத் துறையில் பின்னால் வந்த எத்தனையோ ஆராய்ச்சிகளுக்கு முன்மாதிரி.

காப்காம் நிறுவனம் 1993-இல் ஜப்பானில் வெளியிட்ட அந்த விளையாட்டின் முதற்கட்டம் ஒரு நெடுஞ்சாலை. ஆடுகிறவனுக்கு எந்த உபதேசமும் இல்லை. இந்தப் பொத்தானை அழுத்து, அந்தப் பொத்தானை அழுத்து என்று ஒரு வரிகூடத் திரையில் தோன்றாது. வண்டு வடிவான பறக்கும் இயந்திரம் ஒன்றைச் சுட்டு வீழ்த்துகிறான். அது விழுந்த பாரத்தில் சாலை உடைந்து பள்ளமாகிறது. அந்தப் பள்ளத்துக்குள் அகப்பட்டவன் வெளியேற வழியின்றி அங்குமிங்கும் குதிக்கிறான். அவ்வாறு குதிக்கையில் சுவரோடு உரசும்போது தான் மெல்லச் சறுக்குவதைக் காண்கிறான். மறுபடி பொத்தானை அழுத்தினால் சுவரை உதைத்து மேலே எழும்பலாம் என்று கண்டுபிடிக்கிறான். முந்திய மெகா மேன் விளையாட்டுகளில் இல்லாத புதிய ஆற்றல் அது. அதை ஆசிரியனின் துணையின்றித் தானே கண்டுபிடித்ததாக அவன் மார்தட்டிக்கொள்ளும்படி அந்தப் பள்ளத்தை அமைத்தவர்கள் காப்காம் சிற்பிகள். கட்டத்தின் முடிவில் அவனால் வெல்லவே முடியாத பகைவன் ஒருவன் வருகிறான். தோற்கும் தருணத்தில் ஸீரோ என்னும் மூத்த வீரன் பாய்ந்து வந்து காப்பாற்றுகிறான். நானும் ஒருநாள் இவனைப்போல் ஆவேன் என்னும் ஆசை ஆடுகிறவன் நெஞ்சில் அப்போது விதைக்கப்படுகிறது. ஆட்டம் முழுவதும் அந்த ஆசையின் நிறைவேற்றமே. பிள்ளைப் பருவத்தில் அதே கட்டத்தை நூறு முறை ஆடியிருந்தவர்கள்கூட, ஹான்சன் எடுத்துக்காட்டிய பிறகே தாங்கள் அங்கே பாடம் கற்றதை உணர்ந்தார்கள். நல்ல விமரிசனம் செய்ய வேண்டிய காரியம் இதுதான்.

இத்தகைய காணொளி எழுதியவர் 2012 ஜூலையில் ஜான் ஜஃபாரி என்னும் நண்பரோடு சேர்ந்து கேம் கிரம்ப்ஸ் என்னும் சேனலைத் தொடங்கினார். இருவரும் சோபாவில் உட்கார்ந்து ஆடுவார்கள், பேசுவார்கள், அவ்வளவுதான். நாள்தோறும் காணொளி வரும். ஒரே நாளில் ஒன்றுக்கு மேலும் வருவதுண்டு. மறு ஆண்டு ஜஃபாரி விலக, டான் அவிடன் வந்து சேர்ந்தார். சேனல் ஓங்கி வளர்ந்து, பலருக்குச் சம்பளம் கொடுக்கும் ஸ்தாபனமாயிற்று. சீக்வலைட்டிஸ் என்ன ஆயிற்று? 2014-இல் ஸெல்டா விளையாட்டுகளைப் பற்றி ஒரு பகுதி வந்தது. அத்துடன் நின்றது. மொத்தம் நாலே பகுதிகள்.

இதைக் கலைஞனின் வீழ்ச்சி என்று கண்ணீர் வடிப்பவர்கள் உண்டு. அவர்களோடு நான் சேரமாட்டேன். நடுநிசியில் தூக்கம் வராமல் தனியறையில் கிடக்கும் ஒருவனுக்கும், நோய்ப்படுக்கையில் இருக்கும் ஒருவனுக்கும், அயலூரில் ஒற்றையாய்ச் சாப்பிடும் ஒருவனுக்கும் அந்த இருவருடைய வெட்டிப்பேச்சு ஒரு துணை. துணைக்கு வேண்டிய முதல் லட்சணம், தினமும் வருவது. ஆண்டுக்கு ஒருமுறை வந்து மகத்தான பேருரை நிகழ்த்திவிட்டுப் போகும் உறவினரைவிட, நாள்தோறும் திண்ணையில் வந்து உட்கார்ந்து ஊர்வம்பு பேசும் பக்கத்து வீட்டுக்காரரே தனிமைக்கு மருந்து. ஆகவே எண்ணிக்கை என்பதும் அதனதன் இடத்தில் ஒருவகைத் தரமே. நான் கேட்பது வேறு: இரண்டையும் செய்யவல்ல மனிதர் ஒருவர் இருந்தபோது, அவருடைய காலத்தை விலைக்கு வாங்க ஒன்றுக்குத்தான் ஆள் இருந்தது; மற்றொன்றுக்கு ஏன் இல்லை?

இக்கேள்விக்கு விளையாட்டுத் துறைக்கு வெளியே இருந்து ஒரு விடை வந்தது. ஜாக் கான்டே என்னும் இசைக்கலைஞர், விண்கலத்தின் உட்புறம் போன்ற அரங்கு ஒன்றைத் தம் கையாலேயே கட்டி, கடன் அட்டைகள் தாங்கும் மட்டும் செலவு செய்து, ஓர் இசைக் காணொளி எடுத்தார். அதற்கு விளம்பரத்தால் வரக்கூடிய காசு செலவில் அற்பப் பங்குகூடத் தேறாது என்று கணக்குப் பார்த்த அதிர்ச்சியில், சாம் யாம் என்னும் தோழரோடு 2013-இல் பேட்ரியானை நிறுவினார். பார்ப்பவர்களில் விருப்பமுள்ளவர்கள் மாதந்தோறும் சிறு தொகை நேரடியாகக் கொடுப்பது அதன் ஏற்பாடு. பதினாயிரம் பேர் ஒரு நிமிஷம் எட்டிப்பார்ப்பதைவிட, ஐந்நூறு பேர் அக்கறையோடு காத்திருப்பது இந்த ஏற்பாட்டில் உயர்ந்த வருமானம். அளவுகோல் மாறியதும் வேலையும் மாறிற்று.

அயர்லாந்துக்காரரான டேனி ஓ'ட்வயர், கேம்ஸ்பாட் இணையதளத்தில் வகித்த வேலையை விட்டு, 2016-இல் நோக்ளிப் என்னும் பெயரில் விளையாட்டுகளைப் பற்றிய ஆவணப்படங்கள் எடுக்கத் தொடங்கியது இந்த ஆதாரத்தை நம்பித்தான். 2010-இல் வெளியாகிப் படுதோல்வியடைந்த ஃபைனல் ஃபேன்டஸி 14 என்னும் விளையாட்டை நவோகி யோஷிடாவின் தலைமையில் இடித்து மறுபடி கட்டி 2013-இல் உயிர்ப்பித்த கதையை, சம்பந்தப்பட்டவர்கள் வாயாலேயே மூன்று பகுதிகளாகச் சொல்லவைத்தார். ஹேடிஸ் என்னும் விளையாட்டின் விஷயத்தில் அவர் செய்தது இன்னும் துணிவான காரியம். அது 2018 டிசம்பரில் அரைகுறையாக வெளியிடப்பட்ட நாளிலிருந்து, முழுமை பெற்ற 2020 வரை, சூப்பர்ஜயன்ட் நிறுவனத்தாரின் தொழிற்கூடத்துக்கு மீண்டும் மீண்டும் சென்று படம்பிடித்து ஒரு தொடராக்கினார். அந்த விளையாட்டு வெற்றி பெறுமா என்று எவருக்கும் தெரியாத காலத்தில் தொடங்கிய வேலை அது; வெற்றி பெற்ற பிறகு எல்லாரும் ஓடிவந்து பேட்டி காண்பார்கள், தயங்கிய நாட்களின் முகத்தை அப்போது எங்கிருந்து பிடிப்பது? நாளைக்கே காணொளி போட்டாக வேண்டும் என்னும் நிர்ப்பந்தம் உள்ளவனால் இரண்டு ஆண்டு கழித்து முற்றும் விஷயத்தில் கைவைக்க முடியாது. இதே குழுவினர், குப்பைக்குப் போகவிருந்த பழைய விளையாட்டு ஒளிநாடாக்களைப் பெரும் எண்ணிக்கையில் மீட்டு, 2023 முதல் கணினிக்கு மாற்றி எவரும் பார்க்கும்படி வைத்துவருகிறார்கள். விளம்பரக் கணக்கில் இதற்குச் சல்லிக்காசு பெறாது.

கூலியே வேண்டாம் என்று வேலை செய்தவர்களும் உண்டு. பேனன்கூக் என்னும் புனைபெயருடையவர், 1996-இல் வெளிவந்த சூப்பர் மாரியோ 64 என்னும் ஒரே விளையாட்டுக்குத் தம்மை அர்ப்பணித்தவர். குதிப்பதற்கான ஏ பொத்தானை எவ்வளவு குறைவாக அழுத்தி அந்த ஆட்டத்தை முடிக்கலாம் என்பது அவருடைய தவம். ஒரு பொத்தானை அழுத்துவது, அழுத்திப் பிடித்திருப்பது, விடுவது என மூன்று நிலைகள் உண்டு. முன்பே அழுத்திப் பிடித்தபடி ஒரு கட்டத்துக்குள் நுழைந்தால் அதைப் பாதி அழுத்தமாகக் கணக்கிடலாம் என்று விளக்கி, அந்தப் பாதி அழுத்தத்தோடு ஒரு நட்சத்திரத்தைப் பறிக்க மாரியோவைப் பன்னிரண்டு மணி நேரம் ஓரிடத்திலேயே வேகம் கூட்டவைக்க வேண்டும் என்று 2016-இல் அவர் வெளியிட்ட காணொளி உலகப் பிரசித்தம். எட்டு ஆண்டு கழித்து, அதே விளையாட்டில் வெட்டவெளியில் மாரியோ எதன்மீதோ முட்டிக்கொள்வதன் காரணத்தை மூன்றே முக்கால் மணி நேரம் விளக்கினார்: அந்த விளையாட்டின் கணக்கில் ஒவ்வொரு கூரையும், மேலே தளம் ஒன்று மறைக்காதவரை, ஆகாயம் மட்டும் நீண்டிருப்பதாகக் கொள்ளப்படுகிறது, தளம் ஒரு மயிரிழை விலகிப் பொருந்திய இடங்களில் கூரையின் விளிம்பு எட்டிப்பார்த்து, கண்ணுக்குப் புலப்படாத சுவராக எழும்பி நிற்கிறது. மூன்றே முக்கால் மணியில் ஒரு வாக்கியங்கூட இட்டுநிரப்பியதாக எனக்குத் தோன்றவில்லை.

இதைச் சொல்லும்போதே ஓர் எச்சரிக்கை. அண்மையில் நீளமே தரம் என்னும் மயக்கம் ஒன்று பரவியிருக்கிறது. ஆறு மணி நேர ஆராய்ச்சி என்று தலைப்பிட்டு, விளையாட்டின் கதையை முதலிலிருந்து கடைசி வரை ஒப்பிப்பதில் ஐந்து மணியைக் கழிப்பவர்களைக் கண்டிருக்கிறேன். அது எண்ணிக்கை மாறுவேஷம் போட்டுக்கொண்டு வந்தது. நாலு காணொளியாக வர வேண்டியது ஒன்றாக வந்திருக்கிறது, அவ்வளவே.

சுருக்கத்தின் பெருமைக்கு மஸாஹிரோ ஸகுராயைச் சொல்லலாம். கர்பி, ஸ்மாஷ் பிரதர்ஸ் ஆகிய விளையாட்டுகளைப் படைத்த அந்த ஜப்பானியர், 2022 ஆகஸ்டு முதல் 2024 அக்டோபர் வரை, விளையாட்டு அமைப்பின் நுட்பங்களைச் சில சில நிமிஷங்களில் கற்பிக்கும் 250-க்கு மேற்பட்ட காணொளிகளை வெளியிட்டார். ஓர் அடி விழும்போது திரை கணநேரம் உறைந்து நிற்பது ஏன் என்பது ஒரு பாடம். அவ்வளவு சிறு பொருளுக்கு ஒரு முழுக் காணொளி. வாரந்தவறாமல் வந்தவை, ஒன்றும் சோடையில்லை. எண்ணிக்கையும் தரமும் இங்கே கைகோத்துக்கொண்டதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, 2003 முதல் 2021 வரை ஃபாமிட்சு என்னும் பத்திரிகையில் விடாமல் பத்தி எழுதி எழுதி, ஒரு கருத்தை இத்தனை வரிக்குள் அடக்க வேண்டும் என்னும் பழக்கம் அவர் கைக்கு ஏறியிருந்தது. கெடு வைத்து எழுதுவது கலைக்குச் சத்துரு என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், நம் நாட்டு வாரப் பத்திரிகைகளில் தொடர்கதை எழுதியவர்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும். இரண்டாவது காரணம் பணம். படத்தொகுப்பு, மொழிபெயர்ப்பு முதலியவற்றுக்காகச் சுமார் 9 கோடி யென் தம் கையிலிருந்து செலவிட்டதாக இறுதிக் காணொளியில் அவரே கூறினார். விளம்பர வருமானத்தையும் அவர் நாடவில்லை. காலத்துக்குரிய விலையை அவரே கொடுத்துவிட்டார்.

ஆக, விளம்பரக்காரன் கொடுக்கலாம், பார்ப்பவன் கொடுக்கலாம், படைப்பவன் தன் பையிலிருந்தோ தூக்கத்திலிருந்தோ கொடுக்கலாம். யாரோ ஒருவர் கொடுத்தாக வேண்டும். உங்களில் பெரும்பாலோருக்கு 9 கோடி யென் இல்லை. ஐந்நூறு புரவலர்களும் இன்னும் இல்லை. உங்களிடம் இருப்பது, கல்லூரி விட்டபின் வாரத்துக்குப் பத்து மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டில் அதில் பெரும்பகுதியை எண்ணிக்கைக்கே கொடுங்கள் என்று நான் சொன்னால், தரத்தின் கட்சி பேச வந்தவன் கட்சி மாறிவிட்டான் என்று நினைக்காதீர்கள். எங்கே மூச்சு விடுவது, எந்த இடத்தில் வெட்டுவது, மைக்கை வாயிலிருந்து எவ்வளவு தூரத்தில் வைப்பது என்பவை ஐம்பது காணொளி கெடுத்த பிறகே பிடிபடும். யூடியூப் ஸ்டுடியோவில் பார்வையாளர் தங்கிய நேரத்தைக் காட்டும் கோட்டைத் திறந்து பார்த்தால், முதல் அரை நிமிஷத்துக்குள் அது செங்குத்தாகச் சரிவதைக் காண்பீர்கள். “வணக்கம் நண்பர்களே, சேனலை சப்ஸ்கிரைப் பண்ணுங்க, பெல் பட்டனை அழுத்துங்க” என்று நீங்கள் இழுத்துக்கொண்டிருந்த அரை நிமிஷம் அது. அந்தக் கோடு சொல்லும் பாடத்தை எந்தப் பேராசிரியரும் அவ்வளவு இரக்கமின்றிச் சொல்லமாட்டார். ஆனால் பத்து மணியில் இரண்டு மணியை மட்டும், அந்த வாரம் வெளியிடத் தேவையில்லாத ஒரு வேலைக்கு ஒதுக்கிவையுங்கள்.

அப்படிப்பட்ட வேலை எது என்று கேட்பீர்களானால், ஒன்றை நானே சுட்டுகிறேன். கனடாவின் டொரான்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெண்பா என்னும் விளையாட்டை வெளியிட்டது. மறு ஆண்டு அது பிரிட்டிஷ் அகாடமியின் பாஃப்டா விருதை, அறிமுக விளையாட்டுக்கான பிரிவில், பெற்றது. எண்பதுகளில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை; கிழிந்தும் கறைபட்டும் போன சமையற்குறிப்பு ஏட்டை வைத்துக்கொண்டு, விட்டுப்போன வரிகளை ஆடுகிறவனே ஊகித்துச் சமைக்க வேண்டும். தொடக்கத்தில் வருவது இட்லி. தட்டுகளை எப்படி அடுக்குவது என்பதே அங்கே புதிர். விளையாடிக்கொண்டே பேசுகிறவனுக்கு இது ஒரு மாலைப்பொழுதின் தீனி. இரண்டு மணிக்குள் ஆட்டம் முடிந்துவிடும், காணொளியும் முடிந்துவிடும். இட்லித் தட்டை வாழ்நாளில் தொட்டறியாத நார்வேக்காரன் ஒருவனுக்கு அது உண்மையான புதிராகவும், நம் வீட்டுப் பெண்மணி ஒருத்திக்குக் கைப்பழக்கமாகவும் இருக்க, இருவருக்கும் ஒரே ஆட்டத்தை அமைத்தவர்கள் எந்த அளவுக்குக் குறிப்பைக் கிழித்துவைத்தார்கள், எந்த வார்த்தையை விட்டுவைத்தார்கள் என்பதை, உங்கள் பாட்டியின் கையில் அந்த விளையாட்டைக் கொடுத்து, அவர் எங்கே தயங்குகிறார், எங்கே சிரிக்கிறார், எங்கே “இது தப்பு” என்று கோபித்துக்கொள்கிறார் என்று பதிவு செய்து, அதை அந்நிய நாட்டு நண்பன் ஒருவன் ஆடிய பதிவோடு அடுத்தடுத்து வைத்து ஆராய்ந்தால், அதற்கு மூன்று மாதம் பிடிக்கும். வாரம் இரண்டு மணி வீதம் செய்யக்கூடிய வேலைதான்.

நேரமாகிவிட்டதென்று தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கேள்விகள் இருந்தால் கேளுங்கள். மைக் பின்வரிசைக்கும் போகட்டும்.